‘முதல் நாள்’ என்பது எந்த நாள்? கருத்தடை மாத்திரையும் குறிப்புரையின் பிழையும்

மருத்துவ நூல்களில் ஒரு சொற்றொடர் நெடுங்காலமாகக் கேள்வி கேட்பாரின்றி உலவி வருகிறது: ‘பயன்படுத்துவோர் பிழை’. கருத்தடை மாத்திரையை உட்கொள்ளத் தொடங்கிய ஒரு பெண் அந்த முதல் மாதத்திலேயே கருவுற்றால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி “ஒழுங்காகச் சாப்பிட்டாயா?” என்பதுதான். “உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள், எந்த மொழியில், எந்தச் சொற்களில்?” என்று எவரும் கேட்பதில்லை. பழி விழ வேண்டிய இடம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அந்தத் தீர்மானம் தவறானது. மாத்திரை தொடங்கும் காலத்தில் நேரும் கருவுறுதல்களில் ஒரு பகுதி, பெண்ணின் மறதியால் அன்றிக் குறிப்புரையின் குறையால் விளைவது. அக்குறை மொழி சார்ந்தது. ஆகவே அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். மொழியைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும்தான்.

முதலில் உடலியல். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை முதன்மையாகச் செய்வது கருமுட்டை வெளிப்படுவதைத் தடுப்பது. கருப்பை வாய்ச் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவின் வழியை அடைப்பது அதன் துணைப்பணி. முட்டைப்பையின் வளர்ச்சியை நம்பத்தக்க அளவில் அடக்க, இடைவிடாமல் ஏழு நாள் மாத்திரை வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. மாதவிடாய் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் மாத்திரையைத் தொடங்கினால் அப்போது பெரும்பாலும் எந்த முட்டைப்பையும் முதிர்ந்திருக்காது. ஆதலால் கூடுதல் பாதுகாப்பு தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்குப் பிந்தித் தொடங்கினால், அடுத்த ஏழு நாளும் ஆணுறை போன்ற வேறொரு முறையைச் சேர்த்துக் கையாள வேண்டும். அல்லது உடலுறவைத் தவிர்க்க வேண்டும். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ தொடங்கும்போது ஒரு முட்டைப்பை ஏற்கெனவே முதிர்ந்திருக்கலாம். மாத்திரையையும் மீறி அது முட்டையை வெளியிடலாம். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கக் கூடியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ‘மாத்திரைதான் போட்டாகிவிட்டதே’ என்ற நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது விளங்கும்.

அடுத்து எண்கள். அமெரிக்கத் தரவுகளிலிருந்து கணக்கிடப்பட்டு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் கணிப்பின்படி, மாத்திரையைச் சற்றும் பிசகாமல் உட்கொள்ளும் 1,000 பெண்களில் முதல் ஆண்டில் கருவுறுவோர் ஏறக்குறைய 3 பேர். நடைமுறையில் உட்கொள்ளப்படும் விதத்தில் அதே 1,000 பெண்களில் கருவுறுவோர் ஏறக்குறைய 70 பேர். மூன்றுக்கும் எழுபதுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளிக்குத்தான் ‘பயன்படுத்துவோர் பிழை’ என்று பெயர். மறதி, பயணம், வாந்தி, கடையில் அட்டை தீர்ந்துபோதல், கணவரின் எதிர்ப்பு, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு சொல் ஆகிய அனைத்தும் அந்த ஒரே சாக்கில் கொட்டப்படுகின்றன. காரணங்களைப் பகுத்தறிவதற்கு உதவாத ஒரு சொல், காரணத்தைக் கண்டுவிட்டதாகப் பாவனை செய்கிறது.

இனி அந்தச் சாக்கில் கிடக்கும் ஒரேயொரு பொருளை வெளியே எடுத்துப் பார்க்கலாம்: நாள் எண்ணுதல்.

‘சுழற்சியின் முதல் நாள்’ என்று மருத்துவம் சொல்லும்போது அது குறிப்பது இரத்தப்போக்கு தொடங்கும் நாளை. அது மருத்துவத்தின் வழக்கம். மக்களின் வழக்கம் அதுவாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. தமிழில் கருவுற்றிருப்பதைக் குறிக்கும் பழைய தொடர் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது. அதாவது மாதக் கணக்கின் அடையாளமாக இம்மொழி எடுத்துக்கொண்டது இரத்தம் வந்த நாளையன்று; தலைமுழுகிய நாளை. முழுகல் நின்றால் கரு நின்றது. இவ்வளவு தெளிவான சான்றை அன்றாட வழக்கிலேயே வைத்துக்கொண்டு, ‘ஐந்தாம் நாள் தொடங்கவும்’ என்று எழுதினால், படிப்பவர் எந்த நாளிலிருந்து எண்ணுவார்? மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்குக் குளித்து, அங்கிருந்து ஐந்து எண்ணும் பெண் உண்மையில் ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் வந்து நிற்கிறாள். மருத்துவம் வகுத்த ஐந்து நாள் எல்லை எப்போதோ கடந்துவிட்டது. அவள் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. தன் மொழி கற்றுக்கொடுத்த கணக்கைத்தான் பிழையின்றிச் செய்திருக்கிறாள்.

‘மாதவிடாய் வந்த பிறகு’ என்ற தொடரும் இப்படிப்பட்டதே. வருதல் என்பது ஒரு கணத்தில் நிகழ்வதா, நான்கைந்து நாள் நீடிப்பதா? கணம் என்று கொண்டால் ‘பிறகு’ என்பது முதல் நாளையே சுட்டும். நீட்சி என்று கொண்டால் அது முடிவுக்குப் பிந்திய நாளைச் சுட்டும். இந்தியில் மாதத்துக்கும் மாதவிடாய்க்கும் ‘மஹீனா’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. ‘கே பாத்’ என்னும் பின்னொட்டுச் சொல்லிலும் இதே இருபொருள் காத்திருக்கிறது. ‘ஐந்தாம் நாள்’, ‘ஐந்து நாளில்’, ‘ஐந்து நாளைக்குள்’, ‘ஐந்து நாள் கழித்து’ ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு கட்டளைகள். ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்படும் துண்டுத்தாள்களிலோ இவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்கக் கூடியவை. நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கும் போக்குக்கு அந்த நாள் முதல் நாளா, மறுநாள் முதல் நாளா? லேசான கறை நாள் கணக்கில் சேருமா? இறந்தவருக்குப் பதினாறாம் நாள் எது என்று உறவினர் கூடிப் பஞ்சாங்கத்தை வைத்து வாதாடும் நாட்டில், நாள் எண்ணுவதில் ஐயமே எழாது என்று நினைத்துக் குறிப்பு எழுதுவது அறியாமை. ஐயம் எழும் என்று தெரிந்தும் எழுதுவது அலட்சியம்.

இதில் வல்லுநர்களே ஒத்த குரலில் பேசவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஐந்து நாள் வரை கூடுதல் பாதுகாப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இதே கலவையில் மாத்திரை தயாரிக்கும் நிறுவனங்களின் வெளிநாட்டுத் துண்டுத்தாள்களில், முதல் நாளில் தொடங்கினால் மட்டுமே உடனடிப் பாதுகாப்பு, இரண்டு முதல் ஐந்தாம் நாள் வரை தொடங்கினால் ஏழு நாள் ஆணுறை வேண்டும் என்ற வாசகம் காணப்படுகிறது. இரண்டும் பொறுப்புள்ள நிலைப்பாடுகளே; ஒன்று சான்றின் அடிப்படையில் தளர்த்துகிறது, மற்றொன்று எச்சரிக்கையின் பக்கம் சாய்கிறது. ஆனால் ஒரு மாணவி தன் கைப்பேசியில் ஒன்றையும், அட்டையில் மற்றொன்றையும், மருந்துக்கடைக்காரரின் வாயிலிருந்து மூன்றாவதையும் பெறும்போது அவளுக்குக் கிடைப்பது மூன்று ‘உண்மைகள்’. அவற்றுள் தனக்கு வசதியானதை அவள் தேர்ந்தெடுத்தால் அதற்கும் ‘பயன்படுத்துவோர் பிழை’ என்றே பெயரிடுவார்கள்.

அடுத்த சிக்கல் பெயர். ‘கருத்தடை மாத்திரை’ என்ற ஒரே பெயரின் கீழ் இந்தியாவில் முற்றிலும் வேறுபட்ட பொருள்கள் விநியோகிக்கப்படுகின்றன. அரசுத் திட்டத்தில் மாலா-என் இலவசமாகவும், மாலா-டி மலிவு விலையிலும் கிடைக்கின்றன. இரண்டிலும் 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரலும் 0.03 மி.கி. எத்தினைல் ஈஸ்ட்ரடையாலும் உள்ளன. அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றுள் 21 ஹார்மோன் மாத்திரைகள், 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இவற்றை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான சென்ட்குரோமன் மாத்திரையோ ஹார்மோன் அற்றது. ‘சஹேலி’ என்ற பெயரில் முன்பே சந்தையில் இருந்த அது, அரசுத் திட்டத்தில் ‘சாயா’ என வழங்கப்படுகிறது. மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கி முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறையும், அதன்பின் வாரத்துக்கு ஒருமுறையும் உட்கொள்வது அதன் முறை. மூன்றாவதாக, பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ளும் அவசர மாத்திரை. விளம்பரங்களின் தயவால் பெருநகர இளைஞர் வழக்கில் ‘பில்’ என்றாலே இந்த மூன்றாவதுதான் என்றாகிவிட்டது.

தினம் ஒன்று, வாரம் இரண்டு, அவசரத்துக்கு ஒன்று என்ற மூன்று காலமுறைகளும் ஒரே பெயரில் நடமாடினால் என்ன நேரும் என்பதை ஊகிக்க ஆய்வுப் பட்டம் தேவையில்லை. ஒருவர் சொன்ன ‘ஒன்று போட்டால் போதும்’ என்பது வேறொருவரின் தினசரி அட்டைக்குப் பொருத்தப்படும். ஒருத்தியின் ‘வாரத்துக்கு ஒன்று’ இன்னொருத்தியின் மாலா-டிக்கு விதியாகும். சாயாவைத் தொடங்கும் பெண், முதல் மூன்று மாதத்தின் இருமுறை விதியைக் கேளாமல் நேரே வாரம் ஒன்று என்று தொடங்கினால், உடலில் மருந்தின் அளவு உயர்வதற்கு வகுக்கப்பட்ட தொடக்கக் கட்டமே அவளுக்கு இல்லாமற்போகிறது. இதற்கு மேல், ‘கருத்தடை’ என்ற சொல் தமிழ்நாட்டு வழக்கில் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையைக் குறிக்கிறது. ‘குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள்’ என்றால் வேறு பொருளே கிடையாது.

இவ்வழக்கு தற்செயலானதன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை உட்கொள்வோர் 5.1 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் அறுவையின் பங்கு பாதிக்கும் மேல். அறுவைக்குக் குறிப்புரை தேவையில்லை. ஒருமுறை மேசையில் படுத்தால் முடிந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஒரு முறையையே முதுகெலும்பாகக் கொண்ட ஒரு திட்டம், பெண்ணிடம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே தனக்கு எழாதபடி பார்த்துக்கொண்டது. மாத்திரை அப்படிப்பட்டதன்று. அது ஒவ்வொரு நாளும் பெண்ணின் அறிவையும் முடிவையும் நம்பி நிற்கும் முறை. பேசாத திட்டத்தின் கையில் பேச்சை நம்பியிருக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, விளைவுக்குப் பெண்ணைக் குற்றம் சொல்வது எந்த வகை நியாயம்?

குறிப்புரை யாரை நோக்கிப் பேசுகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. தனியார் நிறுவன அட்டைகளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் துண்டுத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில் இருக்கும். பதிவு பெற்ற மருத்துவரின் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வாசகத்தை அதில் பல வேளைகளில் காணலாம். அந்த உரையில் பெண் படர்க்கையில் வருகிறாள்; ‘நோயாளி’ என்று குறிக்கப்படுகிறாள். மருந்தை விழுங்குபவள் அவ்வுரையின் முன்னிலையில் இல்லை. நோயே இல்லாத ஒருத்தியை நோயாளி என்று அழைத்து, அவளுக்கு அல்லாத ஓர் உரையை அவள் கையில் திணித்து, பிறகு ‘படித்துப் பார்க்கவில்லையா?’ என்று கேட்பது ஒரு விசித்திரமான தொடர்பாடல் முறை.

சிற்றூர்களில் அந்தப் பேச்சின் சுமை ஆஷா பணியாளரின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. 2011இல் தொடங்கிய வீடுதேடிக் கருத்தடைச் சாதனங்கள் வழங்கும் திட்டத்தின்படி, அவர் ஓர் அட்டை மாத்திரையை ஒரு ரூபாய்க்கு வழங்கலாம். மாதச் சம்பளமின்றி ஊக்கத்தொகையை நம்பி உழைக்கும் அந்தப் பெண், மாமியார் காதில் விழாமல் வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் ஏழு நாள் விதியை விளக்க வேண்டும் என்று ஆட்சி எதிர்பார்க்கிறது. தாம் கையாளும் முறையின் பக்க விளைவுகள் தமக்கு எப்போதாவது சொல்லப்பட்டன என்று மேற்கண்ட தேசிய ஆய்வில் கூறிய பயனர்கள் ஏறக்குறைய 62 விழுக்காட்டினர். அதாவது பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேரிடம் அந்த அடிப்படைப் பேச்சே நடக்கவில்லை.

பக்க விளைவு பற்றிய பேச்சு இங்கே புறம்பானதன்று. தொடக்க காலக் கருவுறுதலோடு அது நேரே பிணைந்தது. மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் இடையிடையே இரத்தக் கசிவு ஏற்படுவது இயல்பு. அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பெண் அதை மாதவிடாய் என்றே கொள்வாள். அவள் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லை. ‘மாதவிடாய் வந்தால் புது அட்டை’ என்று கேட்டிருந்தால் பாதி அட்டையை வைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பாள். ஹார்மோன் இல்லாத இடைவெளி ஏழு நாளைத் தாண்டினால் முட்டைப்பை மீண்டும் விழித்துக்கொள்ளும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அட்டையின் எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதைச் சொல்லாவிட்டால், நிறம் வேறுபட்ட இரும்பு மாத்திரைகளிலிருந்து ஒருத்தி தொடங்கவும் கூடும்; அந்த ஏழு நாளும் அவள் விழுங்குவது கருத்தடை மருந்தே அன்று. இரண்டாம் அட்டையை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்குவது, அட்டையின் நடுவில் ஒரு மாத்திரையை மறப்பதைவிட ஆபத்தானது. ஆனால் பொதுப் புத்தியில் அது ‘ஓய்வு’ என்று பெயர் பெற்றிருக்கிறது.

இன்னும் இரண்டு நிலைமைகள். மகப்பேற்றுக்குப் பிந்திய பெண்ணிடம் ‘மாதவிடாய் வரட்டும், பிறகு தொடங்கலாம்’ என்று சொல்லப்படுவதுண்டு. முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளிப்படக்கூடும் என்பதால், வரவேண்டியது வராமலே அவள் கருவுறலாம். பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் கூட்டு மாத்திரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆனால் அவளுக்கு ஏற்ற வேறு முறைகள் உண்டு. ‘இது உனக்கு இப்போது வேண்டாம்’ என்பதும் ‘உனக்கு இப்போது எதுவும் வேண்டாம்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, காசநோய் மிகுந்த இந்நாட்டில் ரிஃபாம்பிசின் உட்கொள்ளும் பெண்கள் ஏராளம். அம்மருந்தும், கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகளும் கூட்டு மாத்திரையின் ஆற்றலைக் குறைப்பவை. மருந்துக்கடை மேசையில் ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்ற நான்கு சொல் கேள்வி கேட்கப்பட்டால் போதும். அதைக் கேட்காமல் விடுவதும் ‘பயன்படுத்துவோர் பிழை’தானா?

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, ‘இவ்வளவும் சொன்னால் பெண்கள் பயந்து மாத்திரையையே விட்டுவிடுவார்கள்’ என்பது. இது கருணையின் உடையில் வரும் அவமதிப்பு. ஓடும் பேருந்தில் ஏறி இறங்கி, மூன்று தவணைக் கடனைக் கணக்கு வைத்து, பிள்ளைகளின் தடுப்பூசித் தேதிகளை நினைவில் கொண்டு குடும்பம் நடத்தும் பெண்களுக்கு ஏழு வரை எண்ணச் சொன்னால் அச்சம் வந்துவிடும் என்று கருதுவோர், பெண்களைப் பற்றி அறிந்தது மிகக் குறைவு. சொல்லாமல் விட்ட கசிவைக் கண்டு பயந்து நிறுத்துவோரே மிகுதியாக இருக்க முடியும். சொல்லப்பட்டது அச்சம் தராது.

இரண்டாவது, ‘இது எழுத்தறிவின்மையின் விளைவு, காலப்போக்கில் சரியாகும்’ என்பது. பல்கலைக்கழக விடுதிகளை நோக்கினாலே இவ்வாதம் உதிர்ந்துவிடும். முதுகலைப் பட்டம் பெற்ற பெண்ணும் ‘சுழற்சியின் ஐந்தாம் நாள்’ என்பதைத் தன் தாயிடமிருந்து கற்ற கணக்கில்தான் எண்ணுகிறாள். ஊர்விட்டு வந்து, மொழி தெரியாத நகரத்தில், மணமாகாதவள் என்ற காரணத்தால் மருத்துவரிடம் வாய் திறக்கத் தயங்கி, கடையில் மட்டும் கேட்டு வாங்கும் மாணவிக்கு எழுத்தறிவு என்ன உதவி செய்துவிடும்? அவளுக்குக் குறைவாக இருப்பது படிப்பன்று. அவளை முன்னிலையில் வைத்துப் பேசும் ஓர் உரை.

மூன்றாவது வாதம் மொழித்துறைக்குள்ளிருந்தே வருவது: ‘கலைச்சொல் ஆக்கினால் போதும்’. ஹார்மோனுக்கு இயக்குநீர் என்பதா வளரூக்கி என்பதா என்று கருத்தரங்குகளில் மணிக்கணக்காக வாதிட்டவர்கள் உண்டு. ஹார்மோன் என்ற சொல்லால் இதுவரை எவரும் கருவுற்றதில்லை. ‘பிறகு’ என்ற சொல்லால் கருவுற்றிருக்கக் கூடும். ஆபத்து பெயர்ச்சொற்களில் இல்லை; வேற்றுமை உருபுகளிலும், காலம் காட்டும் இடைச்சொற்களிலும், எண்ணும் முறையிலும் அது குடியிருக்கிறது. பெயர்களை மட்டும் கழுவித் துடைத்து அடுக்கி வைக்கும் மொழிபெயர்ப்புக்கு இந்த நுட்பம் அகப்படாது.

‘பாதுகாப்பு’ என்ற ஒரு சொல்லே போதும் எடுத்துக்காட்டுக்கு. ‘இம்மாத்திரை பாதுகாப்பானது’ என்ற வாக்கியத்தில் அது உடலுக்குத் தீங்கில்லை என்று பொருள்படலாம். கருவுறாமல் காக்கும் என்றும் பொருள்படலாம். முதல் பொருளில் எழுதியவரின் வாக்கியத்தை இரண்டாம் பொருளில் படித்து, முதல் நாள் முதலே காவல் கிடைத்துவிட்டது என்று ஒருத்தி எண்ணினால், அவள் இலக்கணப்படி சரியாகவே படித்திருக்கிறாள்.

மைசூரில் 1969 முதல் மத்திய அரசின் இந்திய மொழிகள் நிறுவனம் இயங்குகிறது. அறிவுத்துறை நூல்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் அதன் கீழ் உள்ளது. பல்கலைக்கழகந்தோறும் மொழியியல் துறைகள் உள்ளன. அவற்றில் காலமும் வினைநோக்கும் பற்றிய ஆய்வேடுகள் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. ஒரு வினை கணமா நீட்சியா என்று ஆராயும் அதே கருவிகள்தான் ‘மாதவிடாய் வந்த பிறகு’ என்ற தொடரையும் பகுக்க வேண்டியவை. ஆனால் பாடநூல் அறிவாகவும், மருந்து அட்டையின் துண்டுத்தாள் வெறும் காகிதமாகவும் மதிக்கப்படுகின்றன. ஆய்வுக்குத் தகுதியான தரவு என்பது அழிந்துவரும் மொழியின் வினைத்திரிபாகவோ செவ்விலக்கியத்தின் உரை வேறுபாடாகவோதான் இருக்க முடியும் என்ற மனச்சாய்வு துறைக்குள் ஊறிப்போயிருக்கிறது. அவ்வாய்வுகள் வேண்டும், அவற்றைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆயினும், ஒரு தொடரின் இருபொருள் யாருடைய வயிற்றில் பத்து மாதம் வளரும் என்ற கேள்வியும் மொழியியலின் கேள்வியே.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. நாளை எண்ணச் சொல்வதை விட்டு மாத்திரையை எண்ணச் சொன்னால் குழப்பத்தின் பெரும்பகுதி தீரும். நாள் என்பது வழக்குக்கு வழக்கு மாறும்; விழுங்கிய மாத்திரை மாறாது. தினசரிக் கூட்டு மாத்திரையின் அட்டை மீது, அந்தந்த மொழியில், முன்னிலையில், பெரிய எழுத்தில் இப்படி எழுதலாம்:

“இரத்தம் வரத் தொடங்கும் நாள்தான் முதல் நாள். குளித்த நாள் கணக்கில்லை. முதல் நாளே முதல் மாத்திரையைச் சாப்பிடுங்கள். வேறு நாளில் தொடங்கினால், தினம் ஒன்றாக ஏழு வெள்ளை மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டு முடிக்கும் வரை ஆணுறையும் வேண்டும். நடுவில் கசிவு வந்தாலும் நிறுத்தாதீர்கள். அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிட்டால், இரத்த அழுத்தம் இருந்தால், பாலூட்டினால், தொடங்கும் முன் கேளுங்கள்.”

ஐந்து நாள் விதியை அறிந்தவர்கள், இரண்டு முதல் ஐந்தாம் நாளுக்குள் தொடங்குவோரையும் இது தேவையின்றி ஆணுறை பயன்படுத்தச் சொல்கிறதே என்பார்கள். உண்மைதான். ஒரு வாரம் மிகையான எச்சரிக்கையால் விளையும் இழப்பையும், எண்ணிக்கை பிசகினால் விளையும் இழப்பையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சாயாவுக்கு இவ்வாசகம் பொருந்தாது. அதன் அட்டைக்குத் தனி வாசகம் வேண்டும், தனி நிறமும் வேண்டும். எந்த வாசகமானாலும் அச்சேறும் முன் பத்துப் பெண்களிடம் படித்துக் காட்டி, ‘நீங்கள் எந்தக் கிழமை தொடங்குவீர்கள்?’ என்று நாட்காட்டியைக் காட்டிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இது ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக் கூடிய கள ஆய்வு. அதற்கு மதிப்பெண் வழங்கத் துறைகள் முன்வர வேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் மருத்துவச் சொல்லாட்சியைவிடக் கண்ணியமாக நடந்துகொண்டிருக்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடைச் சாதனமோ முறையோ தோல்வியுற்றதால் நேர்ந்த கருவால் விளையும் வேதனையை மனநலத்துக்கு நேர்ந்த கடும் கேடாகக் கொள்ளலாம் என்கிறது. அன்று மணமான பெண்ணுக்கும் அவள் கணவருக்கும் மட்டும் உரியதாக இருந்த அவ்வாசகம், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எந்தப் பெண்ணுக்கும் அவள் துணைவருக்கும் உரியதாக விரிந்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பு வாய்ப்பிலிருந்து மணமாகாத பெண்களை விலக்கிவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அச்சட்டத்தின் வாசகத்தில் தோல்வியுறுவது ‘சாதனம் அல்லது முறை’, பெண் அல்லள். மருத்துவமனைப் பதிவேட்டில் ‘பயன்படுத்துவோர் பிழை’ என்று எழுதும் பேனா இந்த வேறுபாட்டை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

குறிப்புரையும் முறையின் ஒரு பகுதியே. மாத்திரையில் 0.15 மில்லிகிராமுக்குப் பதில் 0.05 மில்லிகிராம் இருந்திருந்தால் அந்தத் தொகுதி முழுவதும் திரும்பப் பெறப்பட்டிருக்கும். தயாரித்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ‘ஐந்தாம் நாள்’ என்ற சொல் மூன்று வெவ்வேறு நாட்களைச் சுட்டும்படி அச்சாகும்போது எந்தத் தொகுதியும் திரும்பப் பெறப்படுவதில்லை. விளைவைச் சுமப்பவள் தனியாகவே சுமக்கிறாள். பாதியில் நின்ற ஆய்வாகவோ, விட்டுப்போன வேலையாகவோ, யாருக்கும் தெரியாமல் கலைக்கப்பட்ட கருவாகவோ, கேட்காமல் வந்து சேர்ந்த மணமாகவோ அது அவள் வாழ்வில் எழுதப்படுகிறது. அந்த வாசகத்தைத் திருத்தும் அறிவு யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே பொறுப்பும் இருக்கிறது. அடுத்த அட்டை அச்சுக்குப் போகும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுக்க மொழியியல் துறைகளுக்கு எந்தத் தடையும் இல்லை.